ஈரோட்டுக் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறை அரசியல்: வாரிசுரிமை குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழக அரசியலைப் பயிற்றுவிக்கும்போது 'வாரிசு அரசியல்' என்னும் தொடரை மாணவர்கள் தயக்கமின்றிக் கையாள்கின்றனர். தந்தையின் பதவி மகனுக்கு வந்துசேர்வது என்பதே அதற்கு அவர்கள் கொள்ளும் பொருள். அப்பொருள் போதுமானதன்று. ஓர் அரசியல் குடும்பம் தன் அடுத்த தலைமுறைக்கு உண்மையில் எதனை விட்டுச்செல்கிறது என்பதனை, ஈரோட்டில் பிறந்த பெரியார் ஈ.வெ. இராமசாமியின் குடும்பத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் 1954இலும் மலாயாவுக்கு வருகை புரிந்த பெரியாரைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். அவர்தம் குடும்பத்தின் தேர்தல் வரலாறு அந்த அளவிற்கு அறியப்பட்டதன்று.

நகராட்சி என்னும் முதற்படி

பெரியாரின் தந்தை வெங்கட்டர் ஈரோட்டில் பெயர்பெற்ற மண்டி வணிகர். சொத்தும் வரியும் வாக்குரிமையை வரையறுத்த அக்காலத்தில், வணிகத்தால் கிட்டிய செல்வாக்கே நகராட்சிக்கு வழிவகுத்தது. 1918-1919 காலப்பகுதியில் பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக விளங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். நகராட்சியே அன்றைய பொதுவாழ்வின் முதற்படி என்பதற்கு இவ்விருவரும் தக்க சான்றாவர்.

பின்னர்ப் பெரியார் பதவியைத் துறந்து காங்கிரசில் இணைந்தார். அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மையாரும் 1921இல் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டனர். 1925இல் காங்கிரசினின்றும் விலகிய பெரியார், சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஒருபோதும் உறுப்பினராக இருந்ததில்லை.

கட்சி வழிவழி வரவில்லை

பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமியின் மகன் ஈ.வெ.கி. சம்பத். பெரியாரின் வாரிசாகப் பலராலும் கருதப்பட்ட இவர், 1949இல் பெரியார்-மணியம்மையார் திருமணத்தையொட்டி எழுந்த பிளவில், திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1957இல் நாமக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1961இல் தி.மு.க.வை விட்டு நீங்கித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். 1962 தேர்தலில் வெற்றி காணாத அக்கட்சி, 1964இல் காங்கிரசுடன் இணைந்தது. இவருடைய துணைவியார் சுலோசனா சம்பத் பிற்காலத்தில் அ.இ.அ.தி.மு.க.வில் முக்கியப் பொறுப்புகளை வகித்தார்.

இதனின்று ஓர் உண்மை புலப்படுகிறது. இக்குடும்பத்தில் கட்சியும் கொள்கையும் வழிவழியாக வரவில்லை. பெரியார் கட்டியெழுப்பிய இயக்கத்தின் தலைமையும் அவர் மறைவிற்குப் பின் மணியம்மையாரிடமும், 1978இல் கி. வீரமணியிடமும் சென்றதேயன்றி, ஈரோட்டு உறவினரிடம் செல்லவில்லை. அடுத்த தலைமுறைக்கு வந்தவை பெயரும் ஊருமே எனலாம்.

பெயரின் வலிமையும் எல்லையும்

சம்பத்தின் மகன் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் காங்கிரசைச் சார்ந்தவர். 1984இல் சத்தியமங்கலத்திலிருந்து சட்டமன்றத்திற்கும், 2004இல் கோபிசெட்டிபாளையத்திலிருந்து நாடாளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மத்திய இணையமைச்சராகவும் பணியாற்றினார். இவ்விரு தொகுதிகளும் ஈரோட்டுப் பகுதியைச் சார்ந்தவை. ஆயினும் 2009இல் ஈரோட்டிலேயே அவர் தோல்வியுற்றார். 2019இல் தேனியில் ஓ.ப. இரவீந்திரநாத்திடம் தோற்றார். அத்தேர்தலில் தமிழகத்தில் தி.மு.க. கூட்டணி இழந்த ஒரே தொகுதி தேனியாகும். வென்றவரின் தந்தை ஓ. பன்னீர்செல்வமும் பெரியகுளம் நகராட்சித் தலைவராக இருந்து உயர்ந்தவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆக, குடும்பப் பெயர் வேட்பாளராகும் வாய்ப்பை நல்குகிறது. வெற்றியைக் கூட்டணியும் காலச்சூழலும் தீர்மானிக்கின்றன.

இளங்கோவனின் மகன் திருமகன் ஈவெரா 2021இல் ஈரோடு கிழக்குத் தொகுதியில் வென்றார். 2023 ஜனவரி 4ஆம் நாள் காலமானார். அடுத்த மாதம் நிகழ்ந்த இடைத்தேர்தலில் தந்தையே போட்டியிட்டு, 66,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். மகனின் இடத்திற்குத் தந்தை வந்த இந்நிகழ்வு, வாரிசுரிமை குறித்த நம் வழக்கமான எண்ணத்தைத் தலைகீழாக்குகிறது. 2024 டிசம்பர் 14இல் இளங்கோவனும் மறைந்தார். 2025 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸ் அத்தொகுதியைத் தி.மு.க.வுக்கு விட்டுக்கொடுத்தது, தி.மு.க.வின் வி.சி. சந்திரகுமார் வென்றார்.

முடிவுரை

முதல் தலைமுறைக்கு நகராட்சி பயிற்சிக்களமாக அமைந்தது. நான்காம் தலைமுறை வேட்பாளரானபோது நிலைமை வேறு. தமிழகத்தில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. இத்தகைய இடைவெளிகள் பெயருள்ளோரைப் பெரிதும் பாதிப்பதில்லை. பெயரற்ற புதியவர்க்கோ, தெருவிளக்கையும் குடிநீரையும் கவனித்துத் தம் தகுதியை மெய்ப்பிக்கும் களம் அடைபட்டுப்போகிறது. எனவே, 'வாரிசு அரசியல்' பற்றி வகுப்பறையில் பேசும்போது, ஒரு குடும்பத்தார் ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றனர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏனையோர் வரும் வழி எங்கே அடைபட்டது என்றும் மாணவர்களைக் கேட்கச் செய்தல் வேண்டும். இரண்டாவது வினாவே அரசியலைப் புரிந்துகொள்ள அவர்களுக்குப் பெரிதும் துணைபுரியும்.