உட்கார இடம்: சென்னையின் மறைந்த ஓட்டல்கள், ஒரு வரவு செலவு

கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் 1962இல் திறக்கப்பட்டது, 2008இல் மூடப்பட்டது. 46 ஆண்டுகள். அது இருந்த நிலம் ஏறத்தாழ 18 ஏக்கர். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக, 7,84,080 சதுர அடி, அதாவது 327 கிரவுண்டு. நகரின் நடுவே 327 கிரவுண்டில் மரங்களை நிற்கவிட்டு, அவற்றின் நிழலில் இட்லியும் காபியும் விற்றார்கள். பழைய சென்னையின் ஓட்டல்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் பெயர் இது. ஏக்கத்தின் அளவை எடை போட முடியாது. நிலத்தின் அளவைப் போடலாம்.

அந்த நிலத்துக்கு இன்றைய கணக்கு ஒன்று. சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், சந்தை விலை அன்று. அப்படியானால் நிலத்தின் மதிப்பு 784 கோடி ரூபாய். ஆண்டுக்கு 8 சதவீத வட்டி 62.7 கோடி; நாளுக்கு 17.2 லட்சம். ஒரு தட்டு டிபனில் 20 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், நிலத்தின் வட்டியை மட்டும் ஈட்ட நாளுக்கு 85,900 தட்டுகள் போக வேண்டும். 12 மணி நேர வியாபாரத்தில் வினாடிக்கு 2 தட்டு. எந்தச் சமையலறையாலும் முடியாத வேலை இது. டிரைவ்-இன் 46 ஆண்டு நடந்ததற்குக் காரணம், நிலத்தின் விலை அதன் பேரேட்டில் ஏறவே இல்லை என்பதுதான். 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலம் அது. நெடிய வழக்குக்குப் பின் அரசு நிலத்தை மீட்டது. ஓட்டலும் அத்தோடு முடிந்தது. கூட்டம் குறைந்ததால் மூடிய கடை அல்ல.

நடத்தியவர் கே. கிருஷ்ண ராவ். இராயப்பேட்டையில் 1938இல் உட்லண்ட்ஸ், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் 1952இல் நியூ உட்லண்ட்ஸ், அதற்குப் பத்தாண்டு கழித்து டிரைவ்-இன். கார் வந்து நின்றதும் சர்வர் வருவார்; இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் ஒரு தட்டை மாட்டுவார்; டபராவும் டம்ளரும் அதன்மேல் வந்து உட்காரும். ஒரு கார் நிற்க 12.5 சதுர மீட்டர், ஏறத்தாழ 135 சதுர அடி வேண்டும். போக வர வழியும் சேர்த்தால் 270 சதுர அடி. நான்கு பேர் மேசைக்கு, சுற்றிலும் நடக்கும் இடம் சேர்த்து, 60 சதுர அடி போதும். அதே நான்கு பேரைக் காரில் வைத்துச் சாப்பாடு போட நாலரை மடங்கு இடம் செலவாகிறது. கார் இல்லாதவர்களுக்கு உள்ளே மேசைகள் இருந்தன. ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கில் சென்னை மாநகரின் மக்கள் 17.29 லட்சம். 2011இல் 46.47 லட்சம், 2.7 மடங்கு. நகரத்தின் நிலம் அந்த விகிதத்தில் விரியவில்லை.

நிலத்தை விட்டு நாற்காலிக்கு வருவோம். ஏக்கத்தோடு நினைக்கப்படும் ஓட்டல்கள் எல்லாவற்றிலும் பொதுவான ஒரு பண்டம் உண்டு: நேரம். அதற்கு விலைப் பட்டியலில் இடம் இல்லை. 40 இருக்கைகள் உள்ள ஓர் ஓட்டலை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 2 லட்சம் ரூபாய். வணிக வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 36,000 ரூபாய். ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று குளிர்சாதன வசதி உள்ள இடத்தில் 18 சதவீதமாகவும் இல்லாத இடத்தில் 12 சதவீதமாகவும் தொடங்கி, அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. வாடிக்கையாளருக்கு நல்லது. ஆனால் அந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாடகைமீது கட்டிய 36,000 ரூபாய் ஓட்டல்காரருக்குத் திரும்பி வராது. எனவே இடத்துக்கான செலவு மாதம் 2.36 லட்சம், நாளுக்கு 7,867 ரூபாய்.

கடை 12 மணி நேரம் திறந்திருக்கிறது, எல்லா இருக்கையும் நிறைந்திருக்கிறது என்று கொள்வோம். ஆளுக்கு 30 நிமிடம் என்றால் நாளுக்கு 960 பேர். ஒருவர் தலையில் விழும் இடச் செலவு 8.19 ரூபாய். ஆளுக்கு 2 மணி நேரம் என்றால் 240 பேர், ஒருவருக்கு 32.78 ரூபாய். 20 ரூபாய்க் காபியைக் குடித்துவிட்டு 2 மணி நேரம் பேசுகிறவரால், பால், தூள், சர்க்கரை, கூலி எதையும் சேர்க்காமலே, முதலாளிக்கு 12.78 ரூபாய் நட்டம். "இங்கே அதிக நேரம் உட்காரக் கூடாது" என்ற பலகையைத் தொங்கவிடுகிறவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் கையில் இருக்கும் கணக்கு அதைத்தான் எழுதச் சொல்கிறது.

ஓட்டல் பில்லில் வரும் வரிக்கு ஒரு முன்கதை உண்டு, அதன் வேர் மதுக்கடையில் இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கலால் வருவாயில் விழுந்த துண்டை அடைக்க 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. நாட்டில் அதுவே முதல் பொது விற்பனை வரி. பின்னாளில் மதுவிலக்கு போயிற்று, வரி நின்றது. 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகவும் 2017இல் ஜிஎஸ்டியாகவும் பெயர் மாறியது. சாராயக் கடையை மூடுவதற்காக வந்த வரியின் வாரிசைத் தோசை சாப்பிடுகிறவர் இன்றும் கட்டுகிறார். 100 ரூபாய்க்கு 5 ரூபாய்.

இனி மது அருந்தகங்கள். மவுண்ட் ரோட்டில் 1906இல் ஓட்டல் கட்டி நடத்திய டி'ஏஞ்சலிஸ், 1910இல் சொந்தமாக ஒரு விமானத்தையும் செய்து பறந்து காட்டியவர். கன்னிமாரா ஓட்டல் 1891இலிருந்து அந்தப் பெயரில் நடக்கிறது. அந்தக் காலத்து இரவு விருந்துகளின் நினைவு வெள்ளையர்களுக்கும் சில நூறு குடும்பங்களுக்கும் உரியது. சுதந்திரத்துக்குப் பிந்தைய கணக்கு வேறு. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அது தளர்ந்தது 1971 ஆகஸ்ட் 30 அன்று. ஏறத்தாழ 22 ஆண்டு 11 மாதம். 1974இல் மீண்டும் வந்து 1981இல் போயிற்று. 1948க்கும் 1981க்கும் இடைப்பட்ட காலத்தில் சுமார் 90 சதவீதம், பெர்மிட் வைத்திருந்தவர்கள் மட்டுமே சட்டப்படி குடிக்க முடிந்த காலம். அறுபதுகளின் சென்னையில் தெருவுக்குத் தெரு பார் இருந்ததாக எவரேனும் நினைவுகூர்ந்தால், அந்த நினைவைத் தேதியோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் அந்த வறண்ட ஆண்டுகளில்தான், 1969இல், நைன் ஜெம்ஸ் என்ற சிறிய இரவு விடுதியில் உஷா உதுப் பாடத் தொடங்கினார். மவுண்ட் ரோட்டில் 1964இல் திறந்த சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்ற 3 அரங்குகள் கொண்ட திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் இருந்தது அந்த விடுதி. சேலை கட்டிய பெண் ஒருவர் ஆங்கிலப் பாட்டுப் பாடுவதைப் பார்க்க, மதுவிலக்கின் 21ஆம் ஆண்டில், ஒரு நிலவறைக்கு ஆள் வந்திருக்கிறார்கள். இரவில் கூடி உட்காருவதற்கு இந்த ஊரில் மது ஒரு முன்நிபந்தனையாக இருந்ததில்லை என்று கொள்ள இந்த ஒரு தேதி இடம் தருகிறது. அந்த வளாகம் இன்று இல்லை. 3 அரங்கும் இடிக்கப்பட்டன.

மது வந்தபின் என்ன ஆயிற்று? அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது. சில்லறை விற்பனை 2003 நவம்பர் 29 முதல் அதன் கைக்கு வந்தது. 2003-04இல் மதுவிலிருந்து அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 3,639.93 கோடி ரூபாய். 2010-11இல் 14,965 கோடி. 2023-24இல் 45,855.67 கோடி. இருபது ஆண்டில் 12.6 மடங்கு, ஆண்டுக்குச் சராசரி 13.5 சதவீத வளர்ச்சி. விலையும் வரி விகிதமும் ஏறியதால் இதில் ஒரு பகுதி வெறும் ரூபாய் வளர்ச்சி என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் குடிப்பழக்கம் குறைந்ததற்கு இந்த எண்களில் அடையாளம் ஒன்றும் இல்லை.

2023 ஜூன் 22 அன்று 5,329 கடைகளில் 500 மூடப்பட்டு 4,829 ஆயின. குறைவு 9.4 சதவீதம். அந்த நிதியாண்டின் வருவாய் முந்தைய ஆண்டின் 44,121.13 கோடியிலிருந்து 3.9 சதவீதம் கூடியது. கடைக்கு 8.28 கோடியாக இருந்த சராசரி 9.50 கோடி ஆயிற்று. கடையை மூடினால் கூட்டம் அடுத்த கடைக்குப் போகிறது என்று படிக்கலாம்; ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகையின்படி, குழந்தைகளையும் சேர்த்து, 14,940 பேருக்கு ஒரு கடை. கம்பிக்குப் பின்னால் ஒரு சன்னல், ஒரு கை நீட்டும், ஒரு புட்டி வரும். உட்காருவதற்கு அந்தச் சன்னலடியில் ஒன்றும் கிடையாது.

டாஸ்மாக் கடைகளை ஒட்டிய பார்களை விட்டுவிட்டால், உட்கார்ந்து குடிக்கவும் ஆடவும் தமிழ்நாட்டில் உரிமம் பெரும்பாலும் இரண்டு வழியில்தான்: மன்றங்களுக்கு எஃப்.எல்.2, அறைகள் கொண்ட ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3. தனித்து நிற்கும் பப்புக்கு உரிமம் இல்லை. ஆகவே மது வந்தபின் சென்னையின் இரவு விடுதிகள் நட்சத்திர ஓட்டல்களின் வயிற்றுக்குள் பிறந்தன. பார்க் ஷெரட்டனில் கேட்ஸ்பி 2000, பின் டப்ளின். ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் 2002இல் எழுந்த தி பார்க் ஓட்டலில் பாஷா. பிறந்த இடம் போனால் குழந்தையும் போகும். அடையாறு கேட் பகுதியில் பார்க் ஷெரட்டன் உட்படப் பல பெயர்களில் நடந்து, கடைசியில் கிரவுன் பிளாசாவாக இருந்த அந்த 287 அறை ஓட்டல் 2023 டிசம்பர் 20 அன்று மூடியது. அதோடு 1989இலிருந்து நடந்த தட்சிண் உணவகமும் அங்கே முடிந்தது: 34 ஆண்டு. ஒரே கட்டடம் மூடப்பட்டபோது ஒரு தலைமுறையின் பிறந்த நாள்கள், நிச்சயதார்த்தங்கள், முதல் சம்பள விருந்துகள் நடந்த மேசைகள் மொத்தமாகப் போயின. இதைச் சிறிய இழப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததா? லண்டனில் உரிமம் தனித்த பப்புக்கும் கிடைக்கும், மதுவிலக்கும் இருந்ததில்லை. அங்கே 2001இல் 4,835 பப்புகள். 2016இல் 3,615. மறைந்தவை 1,220; 25 சதவீதம்; ஆண்டுக்கு 81. அதே காலத்தில் நகரின் மக்கள் சுமார் 73 லட்சத்திலிருந்து 88 லட்சம் ஆனார்கள். ஒரு பப்புக்கு 1,510 பேர் என்றிருந்தது 2,430 ஆயிற்று. சிறிய இசை அரங்குகள் 2007இல் 136, 2015இல் 88. பிரிட்டன் முழுவதற்குமான எண் இன்னொன்று: 2008க்கும் 2018க்கும் இடையே 11,000 பப்புகள் மூடின, ஆனால் அத்தொழிலில் வேலை பார்ப்பவர்கள் 6 சதவீதம் கூடினார்கள். மூடியவை பெரும்பாலும் சின்னவை. பெரியவை இன்னும் பெரிதாயின. உரிம முறை வேறு, வரி வேறு, குளிர் வேறு. விளைவு ஒரே திசையில் போவதால், நிலத்தின் விலைக்கும் இருக்கையின் நேரத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கும் என்று கருதலாம். நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

வரவுப் பத்தியில் எழுத வேண்டியவையும் உண்டு. திருவல்லிக்கேணியில் ரத்னா கஃபே 1948இலிருந்தும், மவுண்ட் ரோட்டில் புகாரி 1951இலிருந்தும் நடக்கின்றன. நியூ உட்லண்ட்ஸும் இருக்கிறது. டிரைவ்-இன் இருந்த இடத்தில் 8 கோடி ரூபாய்ச் செலவில் செம்மொழிப் பூங்கா 2010 நவம்பர் 24 அன்று திறந்தது; சுமார் 20 ஏக்கர், ஏக்கருக்கு 40 லட்சம். மரம் தப்பியது, பெஞ்சு வந்தது, கார் இல்லாதவருக்கும் இடம் கிடைத்தது. இது ஊருக்கு இலாபம்தான்.

கடைசியாக இரண்டு பேரேடுகளையும் பக்கத்தில் வைக்கிறேன். 45,855.67 கோடி ரூபாயை 366 நாளுக்கும் 4,829 கடைக்கும் வகுத்தால், ஒரு டாஸ்மாக் கடை நாளுக்கு ஈட்டித் தரும் வரி 2.59 லட்சம் ரூபாய். விற்பனை பகல் 12 முதல் இரவு 10 வரை, 10 மணி நேரம். மணிக்கு 25,945 ரூபாய்; நிமிடத்துக்கு 432. மேலே போட்ட 40 இருக்கை ஓட்டலில் ஒருவர் 2 மணி நேரம் உட்கார ஆகும் இடச் செலவு 32.78 ரூபாய். ஒரு கடையின் ஒரு நிமிட வரி, 13 பேர் ஒரு மாலை முழுதும் யாரும் எழுப்பாமல் உட்கார்ந்து பேசப் போதும். ஒரு மணி நேர வரி 791 பேருக்கு. வாடகைமீது ஓட்டல்காரர் திரும்பப் பெற முடியாத 36,000 ரூபாய், அதே கடையின் 83 நிமிடம்.