பெட்டி இருந்தால் போதுமா?

திருவண்ணாமலை நகரை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதால், கூட்டுறவுச் சங்க நிர்வாகிகள் பலர் அலுவல் நிமித்தம் இங்கு வருகின்றனர். ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளரும், நெல், கரும்பு, நிலக்கடலை பயிரிடுவோரும் அவர்களுள் உளர். சங்கத்தில் முதலுதவிக்கு என்ன ஏற்பாடு என்று நாம் வினவினால், "பெட்டி இருக்கிறது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. பெட்டியைக் கையாளத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் மௌனமே மிஞ்சுகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு பெட்டியேனும் வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. முதலுதவியில் சான்றிதழ் பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாக, வேலை நேரம் முழுவதும் அருகிலிருக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் வீட்டில் தறி நெய்பவருக்கும் வயலில் நிற்பவருக்கும் அந்த விதி துணை செய்யவில்லை. அவர்கள் பொருட்டுச் சங்கமே இப்பொறுப்பை ஏற்பது தகும்.

பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும்? ஒரு நாள் சொற்பொழிவு கேட்டுச் சான்றிதழ் பெறுவதால் பயன் சிறிதே. கற்ற கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கிவிடும். நெசவைக் கேட்டுக் கற்றவர் எவருமில்லை. முதலுதவியும் கையால் பழக வேண்டிய தொழிலே.

முதலாவதாக, அவரவர் தொழிலின் அபாயத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும். சாயத் தொட்டியின் கொதிநீர் பட்டால், புண்ணை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். மையோ, பற்பசையோ, மஞ்சளோ பூசலாகாது. விசைத்தறியில் மின்சாரம் தாக்கியவரை, மின்னோட்டத்தை நிறுத்துமுன் தொடலாகாது. பூச்சிமருந்து உடலில் பட்டால் உடையைக் களைந்து, சோப்பிட்டு நிறைய நீரால் கழுவ வேண்டும். மருந்து வயிற்றுக்குள் சென்றிருந்தால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. மருந்துக் குப்பியையும் உடன் கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உழவர்க்குப் பாம்புக்கடிப் பாடம் இன்றியமையாதது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கே விளைக்கும். கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, அவரை நடக்கவிடாமல், விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முறை. அங்கு அளிக்கப்படும் நச்சுமுறி மருந்தில் கூட்டுறவுக்கும் பங்குண்டு. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தோன்றி, அம்மருந்து தயாரிப்பதற்கான நஞ்சைச் சேகரித்து வந்துள்ளது. கூட்டுறவாளர் உழைப்பால் உருவான மருந்து, மற்றொரு கூட்டுறவாளரின் உயிரைக் காக்க வேண்டுமானால், நோயாளி உரிய காலத்தில் அதனிடம் சென்று சேர வேண்டுமன்றோ?

இரண்டாவதாக, பயிற்சி குடும்பத்திற்கும் உரியதாதல் வேண்டும். தறிவீட்டில் விபத்து நேருங்கால் அருகிலிருப்பவர் பெரும்பாலும் நூல் சுற்றும் பெண்மணியே. அவரை விடுத்து அங்கத்தினரை மட்டும் அழைத்துப் பயிற்றுவித்தால், காயமுற்றவரே தமக்கு முதலுதவி செய்துகொள்ள நேரும்!

மூன்றாவதாக, மூன்று மாதங்களுக்கொரு முறை கால்மணி நேரம் ஒத்திகை நடத்தலாம். கூலி வழங்கும் நாளே அதற்கு ஏற்றது. ஒருவர் காயமுற்றவராகப் படுத்துக்கொள்ளட்டும். மின்னிணைப்பை நிறுத்துபவர் யார், கட்டுப் போடுபவர் யார், 108க்கு அழைத்து வழி சொல்பவர் யார் என்பது அப்போதே விளங்கிவிடும். தவறுவோரை நகையாமல் மீண்டும் செய்யச் சொல்லல் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் பயிற்சியளிக்க உதவி கோரலாம். பெட்டியின் சாவி யாரிடம், பயிற்சி பெற்றோர் யார் யார், கடைசி ஒத்திகை எந்நாள் என்ற மூன்று வரிகளைக் காரியதரிசிகள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்ப்பார்களாக. மருத்துவர் வந்து சேரும்வரை ஓர் அங்கத்தினரின் உயிர் அண்டை அயலாரின் கையில்தான் உள்ளது. அந்தக் கை பழகிய கையாயிருக்கட்டும்.