பனிமலைப் படவிழாவில் இரு படங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்றொரு மலையூர் உண்டு. ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர்; சுரங்கங்கள் ஓய்ந்தபின் பனிச்சறுக்கு விளையாட வருவோரால் பிழைத்த ஊர். 1981ஆம் ஆண்டு முதல் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக, உறைபனிக் காலத்தில் அங்கே நடைபெற்றுவந்ததே சன்டான்ஸ் திரைப்பட விழா. 1978இல் சால்ட் லேக் சிட்டியில் சிறு அளவில் தொடங்கிய அவ்விழாவின் பொறுப்பை, நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டு நிறுவிய கழகம் பின்னர் ஏற்றுக்கொண்டது. அவர் 2025 செப்டம்பரில் காலமானார். அதே ஆண்டில்தான், 2027 முதல் விழாவைக் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகருக்கு மாற்றுவதென்றும் முடிவாயிற்று.

திரைப்பட விழாவுக்கும் பங்குக் குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு, அதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெருநிறுவனங்களின் மூலதனத்தை நம்பாமல் தனியார் சிலர் சொந்த முயற்சியில் எடுக்கும் படங்களுக்கு மேடை அமைத்துக் கொடுப்பதே இவ்விழாவின் நோக்கம். 1993இல் பார்வையாளர் விருது பெற்ற 'எல் மரியாச்சி' என்னும் படம் சுமார் 7,000 டாலரில் எடுக்கப்பட்டது. அதன் இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ், மருந்து ஆராய்ச்சிக்குத் தம் உடலையே சோதனைப் பொருளாக ஒப்புக்கொடுத்து அப்பணத்தின் ஒரு பகுதியை ஈட்டினார். கலையார்வம் மனிதரை எதுவரை கொண்டுசெல்கிறது பாருங்கள்! நம் நாட்டவரும் அங்கே சிறப்புப் பெற்றுள்ளனர். டெல்லியில் அடிபட்டு விழும் பருந்துகளைப் பேணும் உடன்பிறப்புகளைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் 2022இல் நடுவர் குழுவின் பெரும்பரிசை வென்றது.

ஏமாற்றங்களும் குறைவல்ல. 1989இல் ஸ்டீவன் சோடர்பெர்க் என்னும் இளைஞரின் முதல் படம் அங்கே பார்வையாளர் விருதையும், அதே ஆண்டில் கான் விழாவின் தலைமைப் பரிசையும் வென்றது. (அப்படத்தின் பெயரைக் குடும்ப ஏடொன்றில் அச்சிட நமக்கு மனமில்லை.) அது பணத்தையும் குவிக்கவே, வணிகர் கூட்டம் மலையேறத் தொடங்கிற்று. எளியோரின் மேடை பெரும்பாலும் ஏலச்சந்தையாயிற்று. எந்தப் படம் நல்ல படம் என்பதைவிட, எந்தப் படம் எத்தனை கோடிக்கு விலைபோயிற்று என்பதே செய்தித்தாள்களின் தலைப்பாயிற்று.

அச்சந்தையில் 1996இல் நடந்ததொன்று நமக்கு நெருக்கமானது. மைசூரோ மதுரையோ அன்று, மிசிசிப்பி மாநிலத்தில் வால்ஸ் என்னும் சிற்றூர். இயேசுவின் திருஇருதயக் குருக்கள் சபையோடு இணைந்த திருஇருதயக் கழகம் ஒன்று அங்கே இயங்கிற்று. கடிதம் எழுதிக் காணிக்கை திரட்டி ஏழைகளுக்கு உதவுவது அதன் வழக்கம். அக்கழகம் சுமார் 60 லட்சம் டாலர் செலவில் 'தி ஸ்பிட்ஃபயர் கிரில்' என்னும் திரைப்படத்தை எடுக்க முன்வந்தது. நம் பங்குப் பேரவையில் இப்படியொரு திட்டத்தை எவரேனும் முன்மொழிந்தால், மறுகூட்டத்திற்கு அவரை அழைப்பார்களா என்பது ஐயமே. இயக்குநரோ யூத மரபினரான லீ டேவிட் ஸ்லாட்டாஃப்.

சிறையிலிருந்து விடுதலையான பெர்சி என்னும் இளம்பெண், கிலயாது என்ற பெயருடைய மலைச்சிற்றூரில் ஒரு மூதாட்டியின் உணவகத்தில் பணிப்பெண்ணாகச் சேர்கிறாள். இறைவாக்கினர் எரேமியா கிலயாதின் தைலத்தைக் குறித்துக் கேட்ட கேள்வியை நம் வாசகர் நினைவுகூர்வர். படத்தில் மறையுரை இல்லை. குருவானவர் எவரும் எழுந்து அறிவுரை கூறவுமில்லை. புண்பட்ட பெண்ணொருத்தி புண்பட்ட ஊரொன்றைக் குணமாக்குகிறாள். ஆனால் அவளுடைய பழைய குற்றத்தை மறக்க இயலாத ஊரார் அவளையே திருடியென ஐயுறுகின்றனர். முடிவில் ஆற்றுவெள்ளம் அவளைக் கொண்டுபோகிறது.

சன்டான்ஸ் பார்வையாளர்கள் அப்படத்திற்கே தங்கள் விருதை அளித்தனர். ஒரு நிறுவனம் அதை 1 கோடி டாலருக்கு வாங்கிற்று. அந்நாள்வரை அவ்விழாவில் எப்படத்திற்கும் கிட்டாத விலை அது. அதன்பின்னரே, பணம் போட்டவர்கள் கத்தோலிக்கர் என்ற செய்தி பரவலாயிற்று. உடனே நாளேடுகளில் முணுமுணுப்பு எழுந்தது: 'இப்படத்திற்குள் மறைமுகமாக மதப் பிரசாரம் ஒளிந்திருக்கிறதோ?' நேற்றுக் கண்ணீர் விட்டவர்களுள் சிலர் இன்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தனர். பெர்சிக்கு நேர்ந்ததே படத்திற்கும் நேர்ந்தது; பிறப்பிடம் தெரிந்ததும் சந்தேகம் பிறந்துவிட்டது. திரையரங்குகளில் அது வசூலித்தது 1 கோடியே 20 லட்சம் டாலருக்குச் சற்று மேல். வாங்கிய விலைக்கு அது பெருவெற்றியன்று. ஆனால் கழகத்திற்குக் கிடைத்த ஆதாயமோ அதே மிசிசிப்பியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டடமாக எழுந்தது.

இதைப் படித்து நாம் பெருமிதம் கொள்ளலாம். கொள்ளுமுன், ஈராண்டுகளுக்கு முந்திய மற்றொரு படத்தையும் பார்க்கவேண்டும்.

1994இல் ஆவணப்படங்களுக்கான பார்வையாளர் விருது பெற்றது 'ஹூப் ட்ரீம்ஸ்'. ஸ்டீவ் ஜேம்சும் அவர் நண்பர் இருவரும் அரைமணி நேரத் தொலைக்காட்சிப் படமாகத் தொடங்கியது அது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஓடி, 250 மணி நேரப் படச்சுருளாகப் பெருகி, இறுதியில் மூன்று மணி நேரப் படமாக முடிந்தது. சிக்காகோவின் ஏழ்மைப் பகுதிகளில் வாழ்ந்த வில்லியம், ஆர்தர் என்னும் இரு கறுப்பினச் சிறுவர்களே அதன் நாயகர்கள். இருவரும் கூடைப்பந்தில் வல்லவர்கள். புறநகரிலுள்ள ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி அவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. போகவர நாள்தோறும் மூன்று மணி நேரப் பயணம்.

வில்லியமின் ஆட்டம் ஒளிர்கிறது. அவன் கட்டணத்தைச் செலுத்த ஒரு புரவலரும் கிடைக்கிறார். ஆர்தரின் ஆட்டம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. அவன் பெற்றோரால் கட்டணப் பாக்கியைச் செலுத்த இயலவில்லை. படிப்பின் இடையிலேயே அவன் வெளியேற நேரிடுகிறது. பின்னர் அவனது மதிப்பெண் சான்றுகள் தேவைப்பட்டபோதும் பழைய பாக்கி குறுக்கே நிற்கிறது. அவ்வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு விளக்கொளியில் குடும்பம் அமர்ந்திருக்கும் காட்சியும் படத்தில் உண்டு.

பள்ளி நிர்வாகத்தைக் கொடியவராக யாரும் சித்திரிக்கவில்லை. ஆசிரியர் ஊதியம், கட்டடப் பராமரிப்பு, ஆண்டுக் கணக்கு ஆகியவற்றின் நெருக்கடியைப் பள்ளித் தாளாளராகப் பணியாற்றிய நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும் கணக்குப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது. படப்பெட்டியோ ஆர்தரின் அடுக்களையில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது நம் நிறுவனம் எப்படித் தோன்றுகிறது என்பதை எந்த மறையுரையும் நமக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஆர்தரின் தாய், தாதியர் உதவியாளர் தேர்வில் முதலிடம் பெற்றதை அறிந்து விம்மும் காட்சியில், கண் கலங்காதவர் இருக்கமுடியாது. அரசுப் பள்ளிக்கு மாறிய ஆர்தரோ, தன் அணியை 1991இல் மாநில அளவில் மூன்றாம் இடத்திற்குக் கொண்டுசென்றான்.

இத்தகைய படத்தை ஆஸ்கர் குழுவினர் சிறந்த ஆவணப்படத்திற்கான பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. படத்தொகுப்பிற்கு மட்டும் ஒரு பரிந்துரை. அதனால் எழுந்த கண்டனமே பின்னர் அவர்கள் தேர்வுமுறையைத் திருத்தக் காரணமாயிற்று. வில்லியம் வளர்ந்து, தான் பிறந்த அதே பகுதியில் சபைப் போதகரானார்.

இரண்டாவது படத்தில் கடுஞ்சொற்களும் போதைப்பொருள் பற்றிய குறிப்புகளும் உள்ளமையால், சிறு பிள்ளைகளை உடன் அமர்த்தவேண்டாம். பங்குப் பள்ளி நிர்வாகக் குழுவினர் ஒருநாள் மாலையில் கூடி அதைப் பார்ப்பாராயின் நன்று. ஜூன் மாதக் கட்டண அறிவிப்பு ஒட்டப்படுவதற்கு முந்திய மாலையாக அது இருக்கட்டும்.