காட்டுக்கு ஒரு பெரிய கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் வைத்திருந்த கத்தியைச் செய்துகொடுத்தவர் அமெரிக்காவின் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜிம்மி லைல். முதுகில் ரம்பப் பல், குழாய் போன்ற பிடி, குழாய்க்குள் தீக்குச்சியும் தூண்டில் நூலும், மூடியில் திசைகாட்டி. லைல் தேர்ந்த கைக்காரர், அவர் செய்தது உறுதியாகவே இருந்தது. படம் ஓடியபின் சந்தையில் குவிந்த மலிவு நகல்கள்தான் வம்பு. அவற்றில் அலகு பிடிக்குள் விரற்கடை அளவு நுழைந்து, ஒரு நட்டில் நின்றுவிடும். நாலு அடி போட்டால் ஆட்டம் காணும், ஐந்தாவதில் அலகு தனியே பறக்கும். 'சர்வைவல் நைஃப்' என்ற பெயரில் இந்த வகை இன்றும் விற்கிறது.

கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அலகைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பிடிக்குள் போகும் இரும்பை. இதை 'டேங்' என்கிறார்கள். அலகின் அதே அகலத்தில், அதே தடிமனில் பிடியின் கடைசிவரை ஓடி, இருபுறமும் மரமோ மைகார்ட்டா என்ற பிசின் பலகையோ வைத்து ஆணி அடித்திருந்தால் அது 'ஃபுல் டேங்'. பிடியின் விளிம்பில் இரும்பு ஒரு கோடாகச் சுற்றிவருவது தெரியும், கடையிலேயே பார்த்துவிடலாம். மெல்லிய வால் போலப் போகும் டேங் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். 1942-ல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட 7 அங்குல கேபார் கத்தியின் டேங்கும் குறுகலானதுதான். ஆனால் அது பிடியின் அடிவரை போகிறது, நல்ல பதத்தில் இருக்கிறது. பெயர் தெரியாத தயாரிப்பில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது.

டேங்கை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், பெரிய கத்தியின் முக்கிய வேலை அறுப்பதே அல்ல, பிளப்பது. மூன்று நாள் மழையில் நனைந்த காட்டில் கீழே கிடக்கும் சுள்ளி எதுவும் தீப்பிடிக்காது. ஆனால் நின்றபடியே காய்ந்த மரத்தின் கிளைக்குள் ஈரம் அவ்வளவு இறங்கியிருக்காது. மணிக்கட்டுப் பருமன் கட்டையை ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி நிமிர்த்தி வைத்து, அலகை அதன் தலையில் குறுக்கே பதித்து, கத்தியின் முதுகில் இன்னொரு கட்டையால் தட்ட வேண்டும். அலகு முழுக்க உள்ளே இறங்கியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைப்பக்கம் தட்டினால் கட்டை இரண்டாகும். அந்தக் காய்ந்த நடுப்பகுதியைச் சீவிச் சுருள் எடுத்தால் மழையிலும் தீ மூட்டலாம். கணு இருக்கும் கட்டையைத் தொடாதீர்கள். முதுகில் கல்லாலோ இரும்பாலோ அடிக்கவே கூடாது.

நீளக் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் தட்ட முடியும். ஆகவே 10 செ.மீ. பருமன் கட்டைக்கு அலகு 15 செ.மீ.யாவது வேண்டும். 15 முதல் 18 செ.மீ. அலகு, 5 மி.மீ.யை ஒட்டிய தடிமன் என்றால் பெரும்பாலோருக்குப் போதும். 23 செ.மீ.க்குப் போனால் கிளை வெட்ட வாகாக இருக்கும். ஆனால் எடை அரைக் கிலோவை எட்டும், நாள் முழுக்க இடுப்பை இழுக்கும். கொடியும் பச்சைத் தண்டும் அடர்ந்த வெப்பமண்டலக் காட்டுக்கு இந்தத் தடித்த அலகு சரிப்படாது. அங்கே 2, 3 மி.மீ. தடிமனில் நீண்ட மெஷெட்டிதான் வேலை செய்யும்.

பெரிய கத்தியே வேண்டாம் என்கிற கட்சியும் உண்டு. 'நார்தர்ன் புஷ்கிராஃப்ட்' எழுதிய கனடாவின் மோர்ஸ் கொச்சான்ஸ்கி, உள்ளங்கை அகலத்துக்கு மட்டுமே நீளமான அலகுள்ள சின்னக் கத்தியும் ஒரு கோடாலியும் போதும் என்றே கற்பித்தார். பனிக்காட்டுக்கு அது சரி. வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் 'லெயுக்கு' என்ற பெரிய கத்தியோடு ஒரு சின்னக் கத்தியும் வைத்துக்கொள்கிறார்கள். என் ஓட்டு இந்த ஜோடிக்குத்தான். பெரிய கத்தியால் மீன் சுத்தம் செய்ய முயன்றவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இரும்பின் ரகத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1095 என்பது ஏறத்தாழ 0.95 சதவீதம் கார்பன் உள்ள எஃகு. துருப்பிடிக்கும், எண்ணெய் தடவ வேண்டும், ஆனால் அடி தாங்கும், சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறும். வண்டிகளின் வில் பட்டைக்கு ஆகும் 5160 எஃகு இன்னும் முரட்டு அடி தாங்கும். நேபாளத்தில் குக்ரி அடிப்பவர்கள் பழைய வண்டிப் பட்டையைத் தேடி வாங்குவது இதனால்தான். நம் ஊர்ப் பட்டறைகளிலும் லாரிப் பட்டையில் நல்ல வெட்டரிவாள் அடித்துத் தருகிறார்கள். கிளை வெட்ட அதை மிஞ்ச ஆள் இல்லை. முனை வளைந்திருப்பதால் குத்தித் துளைக்கும் வேலை மட்டும் நடக்காது. கடற்கரை, சதுப்பு என்றால் ஸ்டெயின்லெஸ் நல்லது. ராக்வெல் கடினம் 56 - 58 அளவில் இருந்தால் போதும். 61, 62 என்று பெருமையாக அச்சிட்டிருந்தால் அது அறுக்கும் கத்திக்குச் சிறப்பு, வெட்டும் கத்தியில் கூர் சில்லாக உடைந்துபோகும் அபாயம் கூடும்.

முதுகில் ரம்பம் வேண்டாம். மரமும் அறுபடாது, தட்டும் கட்டையையும் கடித்துக் குதறும். முதுகு தட்டையாக, ஓரம் நறுக்கென்று இருந்தால் ஃபெர்ரோ ராட் என்ற தீப்பொறிக் குச்சியை உரசித் தீப்பொறி எடுக்கலாம். பிடியைக் கையில் பிடித்து ஐந்து நிமிடம் வீசிப் பாருங்கள். உள்ளங்கையில் எங்காவது விளிம்பு உறுத்தினால் அங்கேதான் கொப்புளம் வரப்போகிறது. உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறும்போது கத்தி நழுவினால் அந்த உறை ஆகாது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், வீட்டில் கத்தியை வெளியே எடுத்து வையுங்கள்.

வெட்டும்போது மண்டியிட்டு வெட்டுங்கள். குறி தவறினால் அலகு மண்ணில் இறங்கும், முழங்காலில் இறங்காது.

கடைசியாகச் சட்டம். இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யப்படாததாக இருந்தால், ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். அரசு அறிவிக்கை செய்த இடங்களில் அதற்கு உரிமம் தேவை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறார். அதில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் கத்தியும் அடக்கம், முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. மலையேற்றத்துக்குப் பதிவு செய்யும்போதே கத்தி பற்றி வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.