முடிச்சு இல்லாத தையல்

உங்கள் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சையோ அத்தியோ இருக்கிறதா? காலை வேளையில் அங்கிருந்து "ட்விட், ட்விட், ட்விட்" என்று உரத்த குரல் விடாமல் கேட்டால், கத்துவது யார் என்று தேடிப் பாருங்கள். பச்சை முதுகு, வெளிறிய வயிறு, செம்பழுப்பு நெற்றி, தூக்கிய வால். எடை சுமார் 10 கிராமுக்குள்தான். அதுவே தையல்சிட்டு. இதன் விஞ்ஞானப் பெயரில் வரும் 'சூட்டோரியஸ்' என்ற லத்தீன் சொல் செருப்புத் தைக்கும் தொழிலைக் குறிப்பது. எப்படியும் தையல்தான்!

கூடு கட்டுவது பெண் பறவை. செடியிலுள்ள இலையொன்றைச் சுருட்டியோ, இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்தோ பை போலாக்குகிறது. இலை விளிம்பில் அலகால் சிறு துளையிட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ அதன் வழியே இழுக்கிறது. முடிச்சுப் போடாத இந்த இழை ஏன் உருவிக்கொண்டு வருவதில்லை?

துளை மிகச் சிறியது. இலை இழையை நெருக்கிப் பிடிக்கிறது. வெளியே வந்த நுனியோ பிரிந்து, கொத்தாகப் பருத்துவிடுகிறது. மீண்டும் துளைக்குள் நுழைய இயலாது. வாணலியின் கைப்பிடியிலுள்ள ரிவெட் ஆணியின் தலை செய்வதும் இதே வேலைதான். ஐயமிருந்தால் ஒரு பச்சை இலையில் குண்டூசியால் துளையிட்டுச் சோதியுங்கள். வழவழப்பான தையல் நூல் இழுத்தவுடன் வந்துவிடும். நுனி பிரித்த விளக்குத் திரி எளிதில் வராது. உராய்வு என்றால் மரக்கட்டையும் சாய்தளமும் மட்டுமே நினைவுக்கு வருவது நம் பாடப்புத்தகங்களின் குறை.

இலை காம்பிலிருந்து அறுபடாததால் பசுமையாகவே இருந்து, மற்ற இலைகளுடன் கலந்து மறைகிறது. கூடு பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பூனைக்கும் செம்போத்துக்கும் எட்டும் உயரம்! ஆகவே மறைவு ஒன்றே அதற்குப் பாதுகாப்பு. நீங்கள் இலையை விலக்கி எட்டிப் பார்க்கும்போது, மதில்மேல் இருக்கும் காகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனவே ஜன்னலுக்குப் பின்னால் அமருங்கள். கடிகாரமும் நோட்டுப் புத்தகமும் போதும். முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாட்கள் ஆகும். பிறகு தாயும் தந்தையும் இரை கொண்டுவரும். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் 15 நிமிடத்துக்கு எத்தனை வருகை என்று குறியுங்கள். தினமும் அதே நேரத்தில் குறித்தால்தான் ஒப்பிட முடியும். வெயில் ஏறினால் எண்ணிக்கை மாறுகிறதா? குஞ்சுகள் வளர வளர என்ன ஆகிறது? அதுவரை அந்தச் செடியை வெட்ட வேண்டாமென்று வீட்டில் சொல்லிவையுங்கள். குஞ்சுகள் பறந்து, பெரிய பறவைகளும் வராமல் நின்ற பிறகு, பூதக்கண்ணாடியுடன் சென்று தையல் துளைகளை எண்ணலாம்.