தன்னந்தனியே ஜப்பானுக்கு!

கணவர் வேலைக்காக ஒசாகாவில் சில வருடம் இருந்தோம். அப்போது பிடித்தது, ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் பைத்தியம்! 1985க்குப் பிறகு, 38 வருடம் கழித்து 2023ல் அந்த அணி ஜப்பான் கோப்பையை ஜெயித்தபோது, நான் மதுரையில் அடுப்படியில் நின்றேன். 'ஒரு மேட்சாவது நேரில் பார்க்கணும்' என்றதும், "பொம்பளை தனியா வெளிநாடா?" என்றார் மாமியார். கணவருக்கோ லீவு இல்லை. சீட்டு எடுத்த பணத்தில் நாலே நாள் போய் வந்தேன்.

1924ல் திறந்த கோஷியென் மைதானம். முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்து படியேறி விற்கும் இளம்பெண்கள், அணியின் சட்டை போட்டு வந்த பாட்டிகள்... என்னை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அணி தோற்றது, ஆனாலும் மனசு நிறைந்தது. ராத்திரி ரயிலில் தனியே திரும்பவும் பயமில்லை.

ஊர் வந்ததும் மாமியார் மெதுவாகக் கேட்டார்: "நானும் தனியா காசிக்குப் போய்ட்டு வரட்டுமா?" அடுத்த சீட்டு அவருக்குத்தான், தோழிகளே!

- ஒரு வாசகி, மதுரை