மொட்டை மாடியில் ஒரு பி.டி. பீரியட்

2020 மார்ச்சில் கொரோனாவால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகள் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1-ல்தான். கணக்கும் அறிவியலும் செல்போன் வழியாகவோ கல்வித் தொலைக்காட்சி வழியாகவோ அரைகுறையாகவாவது வீடு வந்து சேர்ந்தன. பி.டி. பீரியட் பெரும்பாலான வீடுகளுக்கு வரவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டிருக்கலாம், உரிமை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டுத் திடலும், வகுப்புகளுக்கு விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. இந்தியா அதை 1992-லேயே ஏற்றுக்கொண்டது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊரடங்குக்கு முன்பே உலகில் 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 சதவீதம் பேர் அதை எட்டவில்லை. வீட்டுக்குள் அடைத்துப் போட்ட பிறகு கேட்கவா வேண்டும்?

எங்கள் தெருவில் அப்போது ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண். அவள் பள்ளி பி.டி. சார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சேலஞ்ச் இவ்வளவுதான்: இரண்டு செருப்பைப் பத்தடி இடைவெளியில் வை, அரை நிமிடத்தில் எத்தனை முறை ஓடித் தொடுகிறாய் என்று எண்ணு, நாளைக்கு ஒன்று கூட்டு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் முதல் நாள் 9 என்று எழுதினாள். மறுநாளும் 9. அடுத்த வாரம் 12. தம்பி செருப்பைத் தொடாமலே திரும்பி 15 என்று எழுதிவிட்டுப் போக, அதைத் தேய்த்து அழிக்கத் தனிச் சண்டை. அந்தச் சண்டையில் ஓடிய ஓட்டம் கணக்கில் வராது. உடம்புக்கு அதுவும் நல்லதுதான்.

இந்த சேலஞ்ச் சரியாக அமைந்ததற்குக் காரணம், அவள் போட்டி போட்டது நேற்றைய தன் எண்ணோடு. ஸ்கிப்பிங், தோப்புக்கரணம், கூடத்துத் தரைக்கல்லை எண்ணியபடி நொண்டி, எதற்கும் இதே முறை பொருந்தும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு வாளியில் பந்து போடும் எண்ணிக்கை. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பிள்ளை எண்ணை நோட்டில் எழுதி வைத்து, பள்ளி திறந்ததும் காட்டலாம்.

கெட்டுப்போவது, வீடியோ எடுத்து அனுப்பு, லைக் அதிகம் வாங்கியவருக்குச் சான்றிதழ் என்று மாறும்போது. பிள்ளையின் முகம், வீடு, சீருடை எல்லாம் யார் யார் கைக்கோ போகிறது. பெண் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யும் வீடியோவைக் கேட்கும் ஆசிரியரிடம், எண் போதாதா சார் என்று தயங்காமல் கேளுங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பொதுவில் போடக் கூடாது என்று எழுதியே கொடுக்கலாம். குண்டாக இருக்கிறாய், கடைசியில் வந்தாய் என்று வகுப்புக் குழுவில் கேலி செய்வதும், எட்டாத எண்ணுக்குத் தண்டனை தருவதும் விளையாட்டில் சேராது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது.

மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவர் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே இருந்தால் அங்கே ஓட்டம் வேண்டாம். உச்சி வெயிலில் வெறுங்கால் கூடாது. காய்ச்சல் விட்ட கையோடு குதிக்கவிடாதீர்கள். நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் இருந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆன்லைன் வகுப்புக்கும் அளவு உண்டு. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்றது. காலை முதல் மாலை வரை திரை முன் உட்கார வைத்த பள்ளிகளிடம் அந்தத் தாளைக் காட்டிய பெற்றோர் குறைவு.

இதில் எந்தக் குறையானாலும் முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. படமோ வீடியோவோ தவறாகப் போனால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். குழந்தைகளுக்கான 1098-ஐ எந்த நேரத்திலும், பிள்ளையே கூட, காசில்லாமல் அழைக்கலாம்.

அடுத்த மழை விடுமுறையில் வீட்டுப்பாடம் வந்ததா என்று கேட்கும்போது, பி.டி. சார் என்ன கொடுத்தார் என்றும் கேளுங்கள்.